அதிரசப் பாகும் மார்ஷ்மெல்லோவும்: குன்னூர்க் குளிரில் நான்கு ஈடு

எங்கள் தெருவில் ஒரு வழக்கம். தீபாவளிக்கு எங்கள் வீட்டிலிருந்து முறுக்கும் அதிரசமும் தட்டில் போகும். கிறிஸ்துமஸுக்கு அதே தட்டில் கேக்கும் அச்சு முறுக்கும் வரும். இந்த வருஷம் ஏழாவது படிக்கும் மகள் ஆரம்பித்தாள்: “அவங்க பண்டிகைக்கும் அவங்களே செஞ்சு கொடுக்கணுமாப்பா? நாம ஏதாவது செஞ்சு தரலாம்.” கையில் ஒரு படம் வேறு வைத்திருந்தாள். அரிசிப் பொரி மாதிரி ஒன்றை வெள்ளைப் பாகில் பிசறித் துண்டு போட்டு, மேலே பச்சையும் சிவப்புமாகக் குட்டி மிட்டாய் தூவியிருந்தது. அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார். “இது நம்ம பொரி உருண்டைதான். சதுரமா இருக்கு, அவ்வளவுதான்.”

அது எவ்வளவு சரியான பேச்சு என்று எனக்குப் புரிய நான்கு ஈடு ஆனது.

படத்தில் இருந்தது அமெரிக்காவில் பிறந்த பலகாரம். 1939இல் கெல்லாக் கம்பெனியின் சமையல் பிரிவில் வேலை பார்த்த மில்ட்ரெட் டே, மலிட்டா ஜென்சன் என்ற இருவர், ‘கேம்ப் ஃபயர் கேர்ள்ஸ்’ என்ற சிறுமிகள் அமைப்பு நிதி திரட்டுவதற்காக இதைச் செய்தார்கள். கம்பெனியின் ரைஸ் கிரிஸ்பீஸ் என்ற அரிசிப் பொரி, வெண்ணெய், மார்ஷ்மெல்லோ என்ற மெத்தென்ற மிட்டாய், மூன்றே பொருள். இன்று சொல்லும் அளவு: வெண்ணெய் 3 மேசைக்கரண்டி, மார்ஷ்மெல்லோ 280 கிராம் சொச்சம், கிரிஸ்பி 6 கப். கப் என்றால் 240 மில்லி. எடை போட்டால் கிரிஸ்பி 160 கிராமை ஒட்டி வரும்.

இந்தக் கிரிஸ்பிக்கு எங்கே போவது என்று யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. ஊட்டியும் குன்னூரும் ஹோம்மேட் சாக்லேட் ஊர்கள். சாக்லேட் போடுகிறவர்களுக்குச் சாமான் விற்கிற கடையில் கட்டிச் சாக்லேட், முந்திரி, திராட்சைக்குப் பக்கத்தில் இது கிலோ கணக்கில் கிடக்கும். கார்த்திகைக்கு வாங்கிய பொரி வீட்டில் மிச்சம் இருந்தது, அதையே போட்டால் என்ன என்று ஒரு கைப்பிடி போட்டும் பார்த்தேன். வேலைக்கு ஆகவில்லை. நம் பொரி புழுங்கலரிசியை உப்புத் தண்ணீரில் பிசறி, சூடான மணலில் பொரித்தது. பஞ்சு மாதிரி இருக்கும், ஈரம் பட்டால் சுருங்கிவிடும். கிரிஸ்பிக்கு அரிசியைச் சர்க்கரை, உப்பு, மால்ட்டோடு வேகவைத்து, உலர்த்தி, அப்புறம் சூட்டில் பொரியவிடுகிறார்கள். தோல் கெட்டியாக இருக்கும், மார்ஷ்மெல்லோவின் ஈரத்தைக் கொஞ்ச நேரமாவது தாங்கும்.

முதல் ஈடு ஒரு ஞாயிற்றுக்கிழமை. பஜாரில் ஒரு கடையில் மார்ஷ்மெல்லோ 2 பாக்கெட் வாங்கினேன். வெள்ளையும் ரோஸும் கலந்தது. அமுக்கிப் பார்த்திருக்க வேண்டும், பார்க்கவில்லை. வீட்டில் பிரித்தால் மேல்தோல் காய்ந்து கிடந்தது, பழைய சரக்கு. அது உருகுவேனா என்று அடம்பிடித்தது, நான் தீயைக் கூட்டினேன். இரண்டு நிமிடத்தில் சளசளவென்று உருகி ஓரமெல்லாம் கொதித்தது. கிரிஸ்பியைக் கொட்டிக் கிளறித் தட்டில் பரப்பி, ‘கிறிஸ்துமஸ் பச்சை’ வேண்டும் என்று மகள் சொன்னதால் பச்சை நிறமும் 4 சொட்டு விட்டேன். ரோஸும் பச்சையும் கலந்தால் என்ன நிறம் வரும் என்பது அவளுடைய டிராயிங் டீச்சருக்குத் தெரிந்திருக்கும். மழைக்குப் பிறகு எங்கள் தெரு எப்படி இருக்குமோ அந்த நிறம். அரை மணி நேரத்தில் கத்தி இறங்கவில்லை. தேங்காய் உடைக்கிற மாதிரி உடைத்துத்தான் தின்றோம்.

தப்பு நிறத்தில் இல்லை, தீயில். மார்ஷ்மெல்லோ என்பது சர்க்கரைப் பாகை ஜெலட்டினோடு அடித்துக் காற்றேற்றியது. அதற்குள் இருக்கும் தண்ணீர்தான் அதை மெத்தென்று வைத்திருக்கிறது. தீயைக் கூட்டினால் அந்தத் தண்ணீர் ஆவியாகும், பாகு அடுத்த பதத்துக்கு ஏறும், ஆறியதும் மிட்டாயாக நிற்கும். உருகுவதற்குத் தேவையான சூடு ரொம்பக் குறைவு. ஜெலட்டின் 35 டிகிரி பக்கத்திலேயே இளகிவிடும். அதனால் சிம்மில் வைத்து, முக்கால்வாசி கரைந்ததுமே அடுப்பை அணைத்துவிட்டு, மிச்சத்தைப் பாத்திரச் சூட்டிலேயே கிளறிக் கரைக்க வேண்டும்.

இரண்டாவது ஈட்டுக்கு வேறு கடையில், வெள்ளை மட்டும், அமுக்கிப் பார்த்து வாங்கினேன். அம்மா ஒரு யோசனை சொன்னார்: வெண்ணெயை வெறுமனே உருக்காமல் நெய்க்குக் காய்ச்சுவது மாதிரி, அடியில் கசண்டு பொன்னிறமாகிற வரை விடு என்று. விட்டேன். முருங்கைக்கீரை போடுவதற்கு முந்தின நிமிடத்து வாசனை வருமே, அங்கே நிறுத்தி மார்ஷ்மெல்லோவைப் போட்டேன். இந்த ஒரு விஷயம் அதற்கப்புறம் மாறவே இல்லை. வெறும் சர்க்கரைத் தித்திப்பாக இருந்த பண்டத்துக்கு ஒரு ஆழம் வந்தது. கூடவே உப்பு இரண்டு சிட்டிகை.

பதம் மெத்தென்று வந்தது. ஆனால் கடித்தால் சத்தம் இல்லை. ஈரத் துணியைக் கடிப்பது மாதிரி இருந்தது. யோசித்தால் காரணம் நானேதான். முதல் ஈடு செய்த அன்று கிரிஸ்பிப் பையை ரப்பர் பேண்ட் போட்டு ஜன்னல் திண்டில் வைத்திருந்தேன். நடுவில் 4 நாள் மழையும் மூட்டமும். குன்னூருக்கு வடகிழக்குப் பருவமழைதான் பெரிய மழை, டிசம்பரிலும் விட்டுவிட்டு அடிக்கும். மூட்டம் வீட்டுக்குள்ளேயே வந்து உட்காரும். துவைத்த துணி 3 நாளாகக் கொடியில் தொங்குகிற ஊரில் பொரியைத் திறந்து வைத்திருக்கிறேன்.

இதில் எனக்கு வெட்கப்படக் காரணம் உண்டு. எனக்கு வேலை தேயிலைத் தொழிற்சாலையில், டிரையர் பக்கம். டிரையரிலிருந்து வரும் தூளில் ஈரம் 3 சதவீதத்தை ஒட்டி இருக்க வேண்டும். வெளியே வந்த நிமிடத்திலிருந்து அது காற்றின் ஈரத்தை இழுக்க ஆரம்பிக்கும். அதனால் பரப்பிப் போட்டுவிட்டு டீ குடிக்கப் போகிற ஆளை நாங்கள் சும்மா விட மாட்டோம். வீட்டுக்கு வந்ததும் அந்தப் புத்தி எங்கே போனதோ தெரியவில்லை.

சரி, டிரையர் வேலையை வீட்டிலேயே செய்வோம் என்று நமத்த கிரிஸ்பியில் 100 கிராம் எடை போட்டு, ஓடிஜி அடுப்பில் 100 டிகிரியில் தட்டில் ஒரே அடுக்காகப் பரப்பி 12 நிமிடம் வைத்தேன். வெளியே எடுத்து எடை போட்டால் 96. ஆக, நான் 4 கிராம் குன்னூர் மூட்டத்தைப் பிசறித் தின்றிருக்கிறேன். ஒரு பருக்கையை விரலில் நசுக்கினால் ‘டிக்’ என்று உடைந்தது. ஓடிஜி இல்லாதவர்கள் அடி கனமான வாணலியில், சிம்மில், கை விடாமல் 5, 6 நிமிடம் வறுக்கலாம். நிறம் மாறக் கூடாது.

இதில் எதிர்பாராத ஒரு லாபமும் கிடைத்தது. இங்கே டிசம்பரில் பாத்திரம், கரண்டி, தட்டு எல்லாமே ஜில்லென்று இருக்கும். உருக்கின மார்ஷ்மெல்லோவில் குளிர்ந்த கிரிஸ்பியைக் கொட்டினால் கலந்து முடிப்பதற்குள் இறுகிக்கொள்ளும். பாதிப் பருக்கையில் பாகு ஒட்டாது, பாதி கட்டியாக நிற்கும். அடுப்பிலிருந்து எடுத்த கிரிஸ்பியை வெதுவெதுப்பாகவே கொட்டினால் கிளற நல்ல அவகாசம் கிடைக்கிறது. சென்னையில் இருக்கிற என் தங்கைக்கு இந்தக் கஷ்டமே கிடையாது, அவளுக்கு ஆறவைப்பதுதான் பாடு.

இதோடு நிறுத்தியிருக்கலாம். மூன்றாவது ஈட்டுக்கு மார்ஷ்மெல்லோவையே வீட்டில் செய்கிறேன் என்று கிளம்பினேன். கடைப் பாக்கெட் விலையும் ஒரு காரணம், பழைய சரக்கு மாட்டிய கடுப்பும் ஒரு காரணம். உண்மையில் எனக்கு ஒரு தெர்மாமீட்டர் புதிதாக வந்திருந்தது.

எடுத்துக்கொண்டது இவ்வளவு: ஜெலட்டின் தூள் 20 கிராம், அதை ஊறவைக்கக் குளிர்ந்த தண்ணீர் 100 மில்லி. பாகுக்குச் சர்க்கரை 300 கிராம், லிக்விட் குளுக்கோஸ் 150 கிராம், தண்ணீர் 80 மில்லி, உப்பு ஒரு சிட்டிகை. லிக்விட் குளுக்கோஸ் கேக் சாமான் கடையில் டப்பாவில் கிடைக்கும். பாகு பூத்துப்போகாமல் அதுதான் காக்கிறது. அம்மா பாகில் எலுமிச்சைச் சாறு 2 சொட்டு விடுவதும் இதே வேலைக்குத்தான்: புளிப்பு சர்க்கரையில் கொஞ்சத்தை உடைத்துவிடும், மீதி ஒன்றுசேர்ந்து மணல் மாதிரி ஆக விடாது.

செய்முறைகளில் பாகு 115 டிகிரி வர வேண்டும் என்று இருக்கிறது. நான் தெர்மாமீட்டரை விட்டு, 115 காட்டியதும் இறக்கி, ஊறின ஜெலட்டின் மேல் ஊற்றி, பீட்டரில் அடிக்க ஆரம்பித்தேன். 10, 12 நிமிடத்தில் வெள்ளையாக மூன்று மடங்கு பொங்க வேண்டும். ஆறாவது நிமிடமே பீட்டர் முனக ஆரம்பித்தது. எட்டாவது நிமிடம் மோட்டார் சூடான வாசனை. கலவை பீட்டர் கம்பியில் கயிறு மாதிரி சுற்றிக்கொண்டது. மறுநாள் துண்டு போட்டால் செருப்புக்கடையில் விற்கிற ரப்பர் மாதிரி. அதை உருக்கிக் கிரிஸ்பி போட்டுப் பார்த்ததில் முதல் ஈட்டின் தம்பி பிறந்தான்.

அம்மா மிச்சம் இருந்த பாகை ஒரு டம்ளர் தண்ணீரில் சொட்டினார். விரலால் கூட்டி உருட்டித் தட்டில் போட்டார். ‘டங்’ என்றது.

“ஏண்டா, இது பொரி உருண்டைப் பாகாச்சே. உனக்கு என்ன பதம் வேணும்?”

மெதுவாக உருண்டு வரணும், அமுக்கினால் தட்டையாகணும் என்றேன்.

“அது அதிரசப் பாகு. தக்காளிப் பதம்னு சொல்லுவோம். அதை நீ எப்பவோ தாண்டிட்டே. பாகுக்குப் போய் மெஷின் வெச்சுப் பாக்கறவன் நீ ஒருத்தன்தான்.”

மெஷின் பொய் சொல்லாது என்று வாதம் பண்ணினேன். அப்புறம் சந்தேகம் வந்து, வெறும் தண்ணீரைக் கொதிக்கவைத்துத் தெர்மாமீட்டரை விட்டேன். தளதளவென்று கொதிக்கிற தண்ணீரில் 94 காட்டியது. தெர்மாமீட்டரில் கோளாறு இல்லை. குன்னூர் கடல்மட்டத்துக்கு மேலே 1,850 மீட்டர் சொச்சம். மேலே போகப் போகக் காற்றழுத்தம் குறைகிறது, தண்ணீர் சீக்கிரம் கொதிக்கிறது. தோராயமாக 300 மீட்டருக்கு 1 டிகிரி குறையும். இங்கே குக்கர் இல்லாமல் பருப்பு வேகாது என்பதை ஊரில் எல்லோரும் சொல்வோம், அதே கணக்கு பாகுக்கும் பொருந்தும் என்று எனக்குத் தோன்றவில்லை. பாகின் பதம் என்பது அதில் எவ்வளவு தண்ணீர் மிச்சம் இருக்கிறது என்பதுதான். கீழே 115இல் எவ்வளவு தண்ணீர் இருக்குமோ, இங்கே 109லேயே அவ்வளவுக்கு வற்றிவிடும். நான் 115 வரை விட்டது கீழே 121 வரை விட்டதற்குச் சமம். 121 என்பது கெட்டி உருண்டைப் பாகு. அம்மாவின் ‘டங்’.

டம்ளர் தண்ணீருக்கு மலையும் தெரியாது, கடலும் தெரியாது. பாகு என்ன பதத்தில் இருக்கிறதோ அதையே காட்டும். அதிலும் ஒரு சின்னச் சூட்சுமம் உண்டு. எங்கள் குழாய்த் தண்ணீர் டிசம்பரில் விரல் மரத்துப்போகிற மாதிரி வரும். அதில் சொட்டினால் இளம்பாகும் விறைத்துக்கொண்டு முற்றின பாகு மாதிரி ஏமாற்றும். அதனால் அம்மா பாகு காய்ச்சுகிற நாளில் ஒரு சொம்புத் தண்ணீரை முன்கூட்டியே அடுப்புப் பக்கம் வைத்துவிடுவார். இவ்வளவு வருஷமாக அதைக் கையலம்ப வைத்திருக்கிறார் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

நான்காவது ஈடு. 105 தாண்டியதும் அம்மா டம்ளரோடு நின்றார், நான் தெர்மாமீட்டரோடு நின்றேன். 109இல் அவர் “இறக்கு” என்றார். ஜெலட்டின் மேல் மெல்லிய தாரையாக ஊற்றி அடித்தேன். இந்தத் தடவை 11 நிமிடம், பீட்டர் முனகவில்லை. தூக்கினால் இட்லி மாவைவிடக் கெட்டியாக, ரிப்பன் மாதிரி மடிந்து மடிந்து விழுந்தது. எண்ணெய் தடவின தட்டில் ஊற்றி, சோள மாவும் பொடித்த சர்க்கரையும் கலந்து தூவி, ரூம் ஹீட்டர் போட்ட அறையில் மெல்லிய துணி போட்டு இரவு முழுக்க விட்டேன். அடித்த சூட்டிலேயே கிரிஸ்பியைக் கொட்டிக் கலக்க ஆசையாகத்தான் இருக்கும். வேண்டாம். அப்போது ஈரம் அதிகம், பொரி அதைக் குடித்துவிடும். ஒரு ராத்திரி காயட்டும்.

மறுநாள் வெண்ணெய் 50 கிராம் பொன்னிறமாகக் காய்ச்சி, நம் மார்ஷ்மெல்லோவில் 300 கிராம் போட்டு, சிம்மில் உருக்கி, முக்கால்வாசியில் அணைத்து, வெதுவெதுப்பான கிரிஸ்பி 170 கிராம் கொட்டிக் கலந்தேன். பரப்பும்போது அழுத்தவே கூடாது. பொரி உருண்டை பிடித்துப் பழகின கை இறுக்கத்தான் பார்க்கும். இங்கே இறுக்கினால் பல்லுக்கு வேலை. பட்டர் பேப்பர் மேலே வைத்து உள்ளங்கையால் மெல்லத் தடவி விட்டால் போதும். இங்கே 20 நிமிடத்தில் துண்டு போடலாம். ஃப்ரிஜ்ஜில் வைத்தால் கெட்டியாகிவிடும், அந்தப் பக்கமே போகவேண்டாம்.

சதுரம் மகளுக்குப் பிடிக்கவில்லை. அவள்தான் பணியாரக் கல்லை எடுத்து வந்தாள். குழிகளில் வெண்ணெய் தடவி (கல் குளிர்ந்திருக்க வேண்டும், அடுப்பில் அல்ல) கலவையை நிரப்பி, இரண்டு அரை உருண்டைகளைச் சூடு ஆறும் முன்னே சேர்த்து ஒட்டினால் கிறிஸ்துமஸ் மரத்தில் தொங்குமே, அந்தக் குண்டு. நடுவில் சிவப்பு ரிப்பன் நுழைத்தாள். காகிதத்தைக் கூம்பாகச் சுருட்டி உள்ளே வெண்ணெய் தடவி, பச்சைக் கலவையை அடைத்து மரமும் செய்தாள். மார்ஷ்மெல்லோ வெள்ளையாக இருந்ததால் பச்சை பச்சையாகவே வந்தது. கை ஒட்டாமல் இருக்க அம்மா அரிசி மாவு தொட்டுக்கொள்ளச் சொன்னார். அது இதற்குச் சரிப்படவில்லை, வெளியே மாவுப் பூச்சு தெரிந்தது. வெண்ணெய்தான்.

மாடி வீட்டுக்காரர்கள் சைவம். ஜெலட்டின் மாட்டுத் தோல், எலும்பு, பன்றித் தோல் இவற்றிலிருந்து எடுப்பது. பாக்கெட்டில் பழுப்பு நிற அசைவக் குறி இருக்கும். தட்டை நீட்டுவதற்கு முன் சொல்லிவிடுவதுதான் மரியாதை. அவர்களுக்காகச் சைனா கிராஸில், அதாவது அகர் அகரில், ஒரு கால் அளவு முயன்றேன். அடித்தால் பொங்கத்தான் செய்தது. ஆனால் உறைந்தது இழுவையே இல்லாமல் பொலபொலவென்று உதிர்ந்தது. மறுபடி உருக்க 85 டிகிரிக்கு மேலே வேண்டும், ஜெலட்டின் மாதிரி இதமான சூட்டில் இளகாது. அவ்வளவு சூடு காட்டியதில் நீர்த்துப்போய்க் கிரிஸ்பியை நனைத்துவிட்டது. கையை விட்டேன்.

அம்மா ஒன்றும் பேசாமல் வெல்லத்தைத் தட்டினார். ஏலக்காய், சுக்கு, பல்லுப் பல்லாகக் கீறின தேங்காய். பாகை ‘டங்’ வரை விட்டு, மிச்சம் இருந்த கார்த்திகைப் பொரியைச் சூடேற்றிக் கொட்டி, அதே பணியாரக் குழியில் அமுக்கினார். அதற்கும் ரிப்பன் கட்டினாள் மகள். மாடி வீட்டுக்கு அது போனது. கிறிஸ்துமஸ் வீட்டுக்காரர்களுக்கு இரண்டும் போனது.

கட்டிவைப்பது பற்றி ஒரு விஷயம். இரண்டு துண்டை வெளியில் ஒரு தட்டிலும், மீதியை வர்க்கி வைக்கிற தகர டின்னில் அடுக்குக்கு அடுக்கு பட்டர் பேப்பர் போட்டும் வைத்துப் பார்த்தேன். வெளியில் வைத்தது மறுநாள் மதியத்துக்குள் மேல்தோல் பிசுபிசுத்து நமத்துவிட்டது. டின்னில் இருந்தது மூன்றாம் நாளும் சத்தம் கேட்டது. அதனால் கொடுப்பதற்கு முந்தின நாள் செய்வதே நல்லது, தட்டில் வைத்து மேலே குரோஷா துணி போட்டு அனுப்பாமல் டப்பாவில் அனுப்புவது இன்னும் நல்லது.

தெர்மாமீட்டர் பெட்டியில் மகள் ஒரு சீட்டு ஒட்டியிருக்கிறாள்: ‘குன்னூரில் 6 கழிக்கவும்’. போன வாரம் அம்மா அதை எடுத்து மூக்குக் கண்ணாடிக்குக் கீழே வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். என்னம்மா என்றேன். பொங்கலுக்கு அதிரசம் போடும்போது ஒரு தடவை விட்டுப் பார்க்கணும், அந்தப் பதத்துக்கு என்ன நம்பர் வருதுன்னு எழுதி வெச்சுக்கோ என்றார்.